இடைநடுவில் அணையும் ஆட்டம்: எந்தப் பரிகாரம் முதலில்?

"மாமா, கேம் திரும்பத் திரும்ப நிண்டு போகுது. விண்டோஸைப் புதுசாப் போடட்டோ, இல்லாட்டி கிராபிக்ஸ் காட்டை மாத்தட்டோ?" என்று பரந்தனில் வசிக்கும் என் தமக்கையின் மகன் சிறுபோகக் காலத்து இரவொன்றில் தொலைபேசியில் கேட்டபோது, அவன் சொன்ன உபாயங்களுள் ஒன்று இரண்டு நாள் பிரயாசையையும் மற்றையது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பையும் விழுங்கிவிடக் கூடியது என்பதை நினைத்து, "ரெண்டும் வேண்டாம் தம்பி, முதல்ல எப்பிடி நிக்குது எண்டு சொல்லு" என்றேன். இணையத்தில் ஆடும் ஆட்டம் இடைநடுவில் நின்றுபோனால் எந்தப் பரிகாரத்தைத் தெரிவது என்ற கேள்விக்கு, அது நின்ற விதத்தைப் பார்த்தே விடை காண வேண்டும் என்பதும், செலவில்லாததும் பிழைத்தால் பழையபடி திருப்பிவிடத் தக்கதுமான பரிகாரமே முதலில் நிற்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

தொடர்பு அறுந்தது என்ற அறிவிப்புடன் ஆட்டம் தன் முகப்புக்குத் திரும்புமாயின், அது இணையத்தின் தளர்ச்சியேயன்றிக் கணினியின் நோயன்று. ஆட்டம் மட்டும் மறைந்து டெஸ்க்டாப் தோன்றினால் கோப்புகளையும் டிரைவரையும் சந்தேகிக்கலாம். திரை கருத்துச் சில விநாடிகளில் மீண்டும் ஒளிர்ந்தால், கிராபிக்ஸ் காட் 2 விநாடிக்கு மேல் மறுமொழி தராதிருந்தமையால் விண்டோஸ் அதன் டிரைவரை மீளத் தொடக்கியிருக்கக்கூடும். கணினியே ஒரு கணத்தில் அணைந்து தானாக எழும்புமாயின், மின்சாரத்தையும் உஷ்ணத்தையும் நோக்க வேண்டும். விண்டோஸின் இவென்ட் வியூவரில் அவ்வேளைக்கு நேரே 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தால், கணினி கிரமமாக மூடப்படாமல் அணைந்தது உறுதியாகும். காரணத்தை அப்பதிவு சொல்லாது, அதை நாமே தேட வேண்டும். என் மருமகனுக்கு நேர்ந்தது இந்த நான்காவது வகை. அதுவும் பின்னேரங்களிலேயே அதிகம்.

ஆட்டத்தை அழித்துப் புதிதாக இறக்குவதா, ஸ்டீமிலுள்ள கோப்புச் சரிபார்ப்பைச் செய்வதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவன் ஆடும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 கேட்கும் வட்டு இடம் 85 ஜிபி. 4ஜி ரவுட்டரை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு வீட்டில் அவ்வளவையும் மறுபடி இறக்குவது மாதத்தின் டேட்டாவையே தின்றுவிடும். சரிபார்ப்போ வட்டிலுள்ள கோப்புகளை அங்கேயே வாசித்து, பழுதானவற்றை மாத்திரம் கொண்டுவருவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் சிதைவது சகஜமாகையால், எங்கள் பகுதிக்கு இது மிகவும் ஏற்ற சிகிச்சை. விண்டோஸைப் புதிதாகப் போடுவது எல்லாவற்றுக்கும் பிந்தியது.

டிரைவரில் புதியதா பழையதா என்றால், கோளாறு டிரைவரை மாற்றிய பின் தொடங்கியிருந்தால் பழையதற்குத் திரும்புக. ஆட்டம் புதுப்பிக்கப்பட்ட பின் தொடங்கியிருந்தால் புதியதை ஏற்றுக. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

மின்சார விஷயத்தில்தான் சற்று நின்று பேச விரும்புகிறேன். போர்க்காலத்தில் ஜெனரேட்டரும் மண்ணெண்ணெய் விளக்குமாக இருந்த வன்னியின் ஊர்களுக்கு 2009க்குப் பின் மின்கம்பிகள் வந்து சேர்ந்தது பெரும் பாக்கியமே. ஆயினும் நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில், அயல் தோட்டங்களின் நீர் இறைக்கும் மோட்டர்கள் பின்னேரத்தில் ஒருங்கே ஓடத் தொடங்கும்போது, 230 வோல்ட் என்பது பெயரளவில் மாத்திரமே இருக்கும். அங்கே ஸ்டெபிலைசர் வாங்குவதா யூபிஎஸ் வாங்குவதா? ஸ்டெபிலைசர் நெடுநேரம் தாழ்ந்திருக்கும் மின்னழுத்தத்தை உயர்த்தும், கணப்பொழுது அறுந்துபோகும் மின்சாரத்தை நிரப்பாது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் இக்காலத்துப் பவர் சப்ளைக்கு முதலாவது உதவி பெரிதாகத் தேவையுமில்லை. ஆதலின் மின்னழுத்தத்தைத் தானே சீர்செய்யும் வகையான யூபிஎஸ்ஸே உத்தமம். வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள 650 விஏ என்ற எண்ணை நம்பாமல் வாட் கணக்கை வாசிக்க வேண்டும். அது பெரும்பாலும் அந்த எண்ணின் பாதியைச் சற்றே தாண்டும், கணினியின் தேவை அதனிலும் மிகுந்தால் கரண்ட் போன கணமே யூபிஎஸ்ஸும் அணைந்துவிடும். அது தரும் சில நிமிடங்கள் ஆட்டத்தை முடிப்பதற்கல்ல, கணினியை ஒழுங்காக மூடுவதற்கே.

யூபிஎஸ் வாங்கக் காசு சேரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சோளகக் காற்று அள்ளிவரும் செம்மண் புழுதி குளிர்விக்கும் தகடுகளுக்கிடையில் கம்பளிபோல் படிந்துவிட, 100 பாகை செல்சியஸை அண்மிக்கும் இன்டெல் செயலி முதலில் வேகத்தைக் குறைத்து, அதுவும் போதாதபோது தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் போதும், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடைத்தால் சரி. அதன் பின்னும் அணையுமாயின், விண்டோஸிலேயே உள்ள மெமரி பரீட்சையை ஓர் இரவு ஓடவிட்டு, பிறகு பவர் சப்ளையை இரவல் வாங்கியாவது மாற்றிப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் காட்டை மாற்றுவது இவையெல்லாம் தோற்ற பிறகுதான்.

கிராபிக்ஸ் காட்டில் நினைவகம் போதவில்லை என்று ஆட்டம் சொல்லும்போதுகூட அவ்வார்த்தையை உடனே நம்பிவிடக் கூடாது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் தேய்ந்து இத்தகைய பொய்யான அறிவிப்புகளைத் தந்தன. 2024இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயோஸ் வழியாக வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. தேய்ந்த செயலியை அத்திருத்தம் குணமாக்காது, தேயாததைக் காக்கும். பயோஸ் ஏறிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம் என்பதால், யூபிஎஸ் இல்லாத வீட்டில் அக்காரியத்தைத் தொடவே கூடாது.

மருமகனின் கணினி, புழுதி துடைத்து, கோப்புகளைச் சரிபார்த்து, அடுத்த மாதம் ஒரு யூபிஎஸ்ஸையும் வைத்த பின் பின்னேரங்களில் அணைவதில்லை. முரசுமோட்டையில் அவனுடைய தோழன் ஒருவன் 13ஆம் தலைமுறைச் செயலி வைத்திருக்கிறான். பயோஸ் ஏற்றுவதற்கென்று, மோட்டர்கள் ஓடாத ஒரு காலைப்பொழுதில், அந்த யூபிஎஸ்ஸை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மருமகன் அங்கே போய்வந்தான்.