சந்தில் நிற்கும் காவல்

அன்புள்ள கயல்,

"வெயில் தாங்காமல் ஆடு மாடு நிழலுக்கு ஓடுது, மரம் என்ன செய்யும் மாமா?" என்று கேட்டிருந்தாய். நின்ற இடத்தில் நின்றபடியே, தன் செல்களுக்கு வெளியே வேலை பார்க்கும்.

செல்லை ஒரு வீடு என்று வைத்துக்கொள். வீடுகளின் மதில்களும் இடையில் உள்ள சந்துகளும் சேர்ந்த வெளிக்கு அப்போபிளாஸ்ட் என்று பெயர். இலை இழக்கும் நீர் ஆவியாவது இந்த மதில்களிலிருந்துதான். உறைபனியில் பனிக்கட்டி முதலில் கட்டுவதும், பூஞ்சை முதலில் நுழைவதும் இங்கேதான். அதனால் காவலும் இங்கேயே நிற்கிறது.

அந்தக் காவல், புரதங்கள். வீட்டுக்குள் செய்து வெளியே அனுப்பப்படுபவை. பெரும்பாலானவற்றின் முனையில் அமினோ அமிலங்களால் ஆன சிறு துண்டு ஒன்று இருக்கும். வெளியேறும் பாதையில் நுழைந்ததுமே, தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பதுபோல, அது வெட்டப்பட்டுவிடும்.

இவற்றில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் மதிலை நெகிழ்த்தும், செல் வளரும். பெராக்ஸிடேஸோ ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு லிக்னினைப் பிணைத்து மதிலை இறுக்கும். தண்ணீர் குறைந்தால் இலை சிறுத்துப்போவதில் இந்த இழுபறிக்கும் பங்குண்டு. பூஞ்சை வந்தால், அதன் சுவரிலுள்ள கைட்டினைக் கைட்டினேஸ் அறுக்கும்.

இதையெல்லாம் ஆராய வாகான மரம் பாப்லர். மரங்களில் முதன்முதலில், 2006-இல், முழு மரபணுத்தொகுதி வெளியானது அதற்குத்தான். கிடைத்த புரதம் எந்த மரபணுவின் பிள்ளை என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஆனால் சந்தில் உள்ளதை மட்டும் எப்படி எடுப்பது? இலையை அரைத்தால் வீடும் சந்தும் கலந்துவிடுமே! இலையைத் தண்ணீரில் அமிழ்த்தி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். பம்பை நிறுத்திக் காற்றைத் திரும்ப விட்டதும் தண்ணீர் சந்துகளில் புகும். எண்ணெய் பட்ட காகிதம்போல இலை கருத்துவிடும். துடைத்துச் சுருட்டி, ஒரு குழாயில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் அதன் அடியில் சில துளிகள் சேரும்.

உடனே கொண்டாடிவிடமாட்டார்கள். செல்லுக்குள் மட்டுமே இருக்கவேண்டிய ஒரு நொதி அந்தத் துளியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிறைய இருந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன. அந்தத் துளியை நம்பமுடியாது. "என்ன கிடைத்தது" என்பதற்கு முன்னால் "எங்கிருந்து வந்தது" என்று கேட்கவேண்டும், கயல்.

இப்போது உன் முறை. மரத்தின் நீர்க்குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. ஆனாலும் அவற்றில் ஓடும் நீரில் புரதங்கள் இருக்கின்றன. எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு துப்புத் தருகிறேன்: குழாயை ஒட்டி உயிருள்ள செல்கள் இருக்கின்றன.

பதில் எழுது.

அன்புடன்,
மாமா