இன்சுலினுக்குள் யார் பக்கத்தில் யார்?

(உயிரியல் மன்றத்தார், மேல்நிலை இரண்டாம் ஆண்டு)

தேர்வுக் கூடத்தில் நாம் பதிவெண் வரிசைப்படி அமர்கிறோம். மூன்றாம் எண்ணுக்கு அடுத்து நான்காம் எண். அதற்கடுத்து ஐந்தாம் எண். ஆனால் மதிய உணவு மணி அடித்த பிறகு பாருங்கள்! மூன்றாம் எண்ணும் முப்பத்தெட்டாம் எண்ணும் வேப்பமரத்தடியில் ஒரே டப்பாவிலிருந்து புளிச்சோறு உண்டுகொண்டிருப்பார்கள். ஒரு வகுப்பில் யாருக்கு யார் நெருக்கம் என்று அறிய வேண்டுமானால், வருகைப் பதிவேடு உதவாது; மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

புரதமும் இப்படிப்பட்டதே. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெப்டைடு பிணைப்பினால் கோக்கப்பட்ட சங்கிலி அது. கோக்கும்போது ஒவ்வோர் அமிலமும் சிறிது நீரை இழந்துவிடுவதால், மீந்து நிற்கும் பகுதியை 'எச்சம்' என்று அழைக்கிறார்கள். சங்கிலி நீட்டிக்கொண்டே இருப்பதில்லை. மடங்கிச் சுருண்டு, வரிசையில் வெகு தொலைவிலுள்ள எச்சங்களை அருகருகே கொண்டுவந்து வைக்கிறது. அப்படி நெருங்கி நிற்கும் இரண்டு எச்சங்களுக்கு இடையே 'தொடர்பு' இருப்பதாகச் சொல்வது வழக்கம்.

இதை ஆராய நாங்கள் இன்சுலினைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் விடுதித் தோழி ஒருத்திக்குப் பதினோராம் வயதிலிருந்து சர்க்கரை நோய். உணவுக்கு அரைமணி நேரம் முன்பு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு காத்திருப்பாள். சென்ற ஆண்டு ஒரு நாள், அவள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கூட்டம் ஒன்று நீண்டுவிட்டது. உணவுக் கூடத்துக்குப் போவதற்குள் அவளுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. விடுதிச் சிஸ்டர் ஓடிவந்து குளுக்கோசு கரைத்துக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் தெளிந்து, "இந்த மருந்து ஏன் இப்படி அரைமணி நேரம் காக்க வைக்கிறது?" என்று அவளே கேட்டாள். எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை.

இன்சுலின் சிறிய புரதம். 51 எச்சங்களே உள்ளன. 21 எச்சங்கள் கொண்டது ஏ சங்கிலி, 30 கொண்டது பி சங்கிலி. இந்த வரிசை முழுவதையும் 1955-க்குள் கண்டறிந்தவர் பிரெடெரிக் சாங்கர். 1958-இல் நோபல் பரிசு பெற்றார். வரிசை தெரிந்ததே தவிர, உருவம் தெரியவில்லை. உருவத்தைக் காண முனைந்தவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார். இன்சுலின் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தை அவர் வெளியிட்டது 1935-இல். அணுக்கள் இருக்கும் இடங்கள் புலப்பட்டது 1969-இல். இடையில் 34 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டு 1964-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் கைவிரல்களைக் கோணலாக்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-இல் வெற்றி கண்ட குழுவில் நம் நாட்டவரான எம். விஜயன் இருந்தார். அவர் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பல்லாண்டுகள் புரதப் படிகங்களை ஆராய்ந்தார்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். புரதங்களின் அணு இடங்களைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று 1971 முதல் இயங்கி வருகிறது. அதிலிருந்து பன்றி இன்சுலினின் அட்டவணையை எங்கள் ஆசிரியை அச்செடுத்துத் தந்தார்கள். (பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் பி சங்கிலியின் கடைசி எச்சம் ஒன்றில் மட்டுமே வேறுபாடு.) ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று எண்கள்: நீளவாக்கில், அகலவாக்கில், உயரவாக்கில் அது எங்கே இருக்கிறது என்பது. அளவு ஆங்ஸ்ட்ராம், ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும்.

இரண்டு எச்சங்களின் தொலைவை அறிய, ஒவ்வொன்றின் முதுகெலும்பிலும் உள்ள ஆல்ஃபா கார்பன் அணுவை எடுத்துக்கொண்டோம். மூன்று எண்களிலும் வேறுபாடு கண்டு, வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் காண்பதுதான் கணக்கு. ஓர் அணு (10, 4, 7), மற்றொன்று (13, 8, 7) என்று வைத்துக்கொண்டால் வேறுபாடுகள் 3, 4, 0. வர்க்கங்களின் கூட்டல் 25. தொலைவு 5 ஆங்ஸ்ட்ராம். கணக்கு வகுப்பில் தூங்கியவர்களும் இதைச் செய்துவிடலாம். தொலைவு 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடர்பு உண்டு என்பது பலரும் கையாளும் வரையறை. வேறு சிலர் எச்சங்களின் எல்லா அணுக்களையும் பார்த்து, ஹைட்ரஜன் அல்லாத ஏதேனும் இரண்டு அணுக்கள் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடர்பு என்பார்கள். நீண்ட பக்கக்கிளைகள் நீட்டித் தொட்டுக்கொள்வது இரண்டாவது முறையில்தான் சரியாகத் தெரியும். எங்களுக்கு முதல் முறையே எளிதாயிருந்தது.

51 எச்சங்களில் இரண்டிரண்டாக எடுத்தால் 1275 இணைகள். முதல் நாற்பதைக் கையால் போட்டோம். மற்றதைக் கணிப்பொறி அறையில் முடித்தோம். பிறகு வரைபடத் தாளில் 51 கட்டம் நீளமும் 51 கட்டம் அகலமுமாகச் சதுரம் வரைந்து, தொடர்புள்ள இணைகளுக்கெல்லாம் கட்டத்தைக் கறுப்பாக்கினோம்.

இங்கே ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைபடத்தோடு மணி மாதிரி ஒன்றும் செய்தோம். 51 மணிகளையும் ஒரே நூலில், ஏ முடிந்ததும் பி என்று கோத்துவிட்டோம். எவ்வளவு மடக்கியும் வடிவம் வரவில்லை. ஆசிரியை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஏ சங்கிலியும் பி சங்கிலியும் தனித்தனி நூல்கள்; கந்தகப் பாலங்கள் மட்டுமே அவற்றை இணைக்கின்றன. ஆனால் கணையத்தில் இன்சுலின் உருவாகும்போது அது உண்மையாகவே ஒரே சங்கிலிதானாம்! அதில் பி முதலில், இடையில் பின்னர் வெட்டி எறியப்படும் ஒரு துண்டு, ஏ கடைசியில். ஆக எங்கள் நூல் வரிசையிலும் தவறு. அறுத்துவிட்டு மறுபடி கோத்தோம்.

கறுப்புக் கட்டங்களைப் படிப்பது கோலத்தைப் படிப்பது போன்றது. மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு தடித்த பட்டை ஓடினால், அங்கே சங்கிலி திருகுசுருளாக இருக்கிறது என்று பொருள். சுருளில் ஓர் எச்சம் தனக்கு மூன்று, நான்கு இடம் தள்ளியுள்ளதன் அருகே வந்துவிடுகிறது. பி-9 முதல் பி-19 வரை இந்தப் பட்டை நன்றாகத் தெரிந்தது. மூலைவிட்டத்திலிருந்து விலகித் தொலைவில் நிற்கும் கட்டங்களே சுவையானவை. ஏ-7க்கும் பி-7க்கும் ஒரு கட்டம், ஏ-20க்கும் பி-19க்கும் ஒரு கட்டம்: சிஸ்டீன் எச்சங்களின் கந்தகப் பாலங்கள் அவை. மூன்றாவது பாலம் ஏ சங்கிலிக்குள்ளேயே 6-க்கும் 11-க்கும் இடையே இருக்கிறது.

எவை நெருங்கலாம் என்று நாங்கள் பார்த்தோம். எவை நெருங்க முடியாது என்று பார்த்தவர் ஜி. என். ராமச்சந்திரன். 1963-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தார். இன்றும் உலகெங்கும் புதிய புரத அமைப்பு எதையும் அந்தப் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

தோழியின் கேள்விக்கு விடை இரண்டாவது வரைபடத்தில் கிடைத்தது. அட்டவணையில் இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு இருந்தன. ஒன்றின் எச்சங்களைக் குறுக்கேயும் மற்றதன் எச்சங்களை நெடுக்கேயும் எழுதிக் கட்டங்களை நிரப்பியபோது, பி-24க்கு எதிரே பி-26, பி-25க்கு எதிரே பி-25, பி-26க்கு எதிரே பி-24 என்று ஒரு சாய்ந்த கோடு வந்தது. எந்த இணையைக் கூட்டினாலும் 50! இரண்டு பி சங்கிலிகளும் எதிரெதிர்த் திசையில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட மூன்று சோடிகள் துத்தநாக அணுக்கள் இரண்டைச் சுற்றிச் சேர்ந்து ஆறு மூலக்கூறுகள் கொண்ட கட்டாக நிற்கின்றன. ஒவ்வொரு துத்தநாக அணுவையும் மூன்று பி-10 ஹிஸ்டிடின்கள் பிடித்துக்கொள்கின்றன. கணையத்தில் சேமித்து வைக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஊசி வழியே தோலுக்கடியில் போகும் கட்டு, பிரிந்து தனித்தனி மூலக்கூறாக ஆன பின்புதான் இரத்தத்தில் எளிதாகக் கலக்க முடியும். அரைமணி நேரக் காத்திருப்பு அதற்குத்தான்.

அப்படியானால் அந்தக் கைகோப்பைத் தளர்த்தினால்? சோடி சேரும்போது ஒரு சங்கிலியின் பி-28 புரோலின், மற்றதன் பி-23 கிளைசினை ஒட்டி நிற்கிறது. இன்சுலினுக்கு உறவான ஒரு வளர்ச்சிப் புரதம் இப்படிச் சோடி சேர்வதில்லை. அதில் புரோலினும் லைசினும் இடம் மாறி நிற்கின்றன. இதைக் கவனித்த ஆய்வாளர்கள் இன்சுலினிலும் பி-28 புரோலினையும் பி-29 லைசினையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள். சோடியின் பிடி தளர்ந்தது. சர்க்கரையைக் குறைக்கும் வேலையோ குறையவில்லை. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்துக்கு, லைசின், புரோலின் என்ற இரு பெயர்களையும் சேர்த்து 'லிஸ்ப்ரோ' என்று பெயரிட்டார்கள். அதை உணவுக்குச் சற்று முன்பு போட்டுக்கொண்டால் போதும். (பெற்றோர் கவனத்துக்கு: பழைய இன்சுலினும் நல்ல மருந்தே. எதை, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

எங்கள் தோழிக்கு மருத்துவர் இந்த ஆண்டு விரைவாக வேலை செய்யும் வகையை எழுதிக் கொடுத்திருக்கிறார். மணி மாதிரியில் 28-ஆம் மணி பச்சை, 29-ஆம் மணி சிவப்பு. கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை அவளே வந்து நுனி முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் இடம் மாற்றிக் கோத்துவிட்டு, உணவு மணி அடித்ததும் எங்களோடு எழுந்து வந்தாள்.