உடுத்திரளும் சுற்றமும்

நிலத்திற்கேற்பக் கருப்பொருள் வேறுபடும் என்பது அகத்திணை பயின்றார் அனைவரும் அறிந்ததே. குறிஞ்சியின் மரமும் மாவும் நெய்தலுக்கு உரியன அல்ல. ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மண்ணுலகத்தது அன்று. கோடானுகோடி விண்மீன்கள் கூடியமைந்த உடுத்திரள் ஒன்றின் நிறை, அஃது இருக்கும் இடத்தைப் பொறுத்து அமைகின்றதா என்பதே வினா.

இவ்வாய்வுக்கு உறுதியான அடிப்படை இட்டவர் அமெரிக்க வானியலறிஞர் ஆலன் டிரெஸ்லர். 1980இல் அவர் 55 உடுத்திரள் கூட்டங்களை ஆராய்ந்து, நெருக்கம் மிக்க இடத்தில் நீள்வட்டத் திரள்கள் மிகுந்தும் சுருள் திரள்கள் அருகியும் இருத்தலை எண்ணிக் காட்டினார். மிகுநிறைத் திரள்களும் நெருக்கமான இடங்களையே பெரிதும் சார்ந்துள்ளன எனப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின.

ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கன்னிக் கூட்டத்தை நோக்குவோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் கொண்ட அக்கூட்டத்தின் நடுவே எம்87 என்னும் பெருந்திரள் வீற்றிருக்கிறது. 2019இல் உலகம் வியந்து நோக்கிய கருந்துளைப் படம் இதன் மையத்தது. அத்துளையின் நிறை மட்டுமே 650 கோடி ஞாயிறுகளுக்கு நிகர். இத்துணை நிறை எங்ஙனம் சேர்ந்தது? பெருந்திரளைச் சூழ்ந்து கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் பரந்துள்ளது. அதனூடே செல்லும் சிறுதிரள் தன் ஈர்ப்பால் அப்பொருளைத் தன் பின்னே குவிக்கிறது. அக்குவியல் பின்னிழுக்கச் சிறுதிரள் விரைவு குன்றி, நடுநோக்கிச் சரிந்து, பெருந்திரளுடன் கலந்துவிடுகிறது. கடந்த நூறு கோடி ஆண்டுகளுக்குள் எம்87 இவ்வாறு ஒரு திரளை விழுங்கியதற்கான தடயம் 2015இல் வெளியிடப்பட்டது.

மையத்தில் இருப்பதற்கே இவ்வாக்கம். புதிதாய்க் கூட்டத்தினுள் புகுவனவற்றின் நிலை வேறு. அவை நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவான விரைவில் பாய்வதால் ஒன்றோடொன்று கலப்பது அரிது. கூட்டத்தை நிறைத்துள்ள வெப்ப வளி எதிர்க்காற்றாய் மோதி, திரளின் குளிர்ந்த வளியைப் பறித்துச் செல்கிறது. இதனைக் கன், காட் என்னும் இருவர் 1972இலேயே விளக்கினர். வளியே விண்மீன் பிறப்பதற்கான மூலப்பொருள்; அஃது அகன்றபின் விண்மீன் நிறை வளர வழியில்லை. இ.எஸ்.ஓ. 137-001 என்னும் திரளின் பின்னே இரண்டு இலட்சம் ஒளியாண்டு அளவில் நீண்ட வளிவால் தொங்குகிறது. இவ்வகையினவற்றை ஜெல்லி மீன் திரள்கள் என அறிஞர் அழைப்பது பொருத்தமான பெயரே.

இனி, எல்லாம் சூழலின் செயலே எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே எம் கருத்து. நெருக்கமான இடம் தொடக்கத்திலேயே பொருள் மிகுந்த இடம். அங்கே திரள்கள் முந்திப் பிறந்து முந்தி வளர்ந்தன. எனவே பிறப்பையும் சுற்றத்தையும் பிரித்தறிவது எளிதன்று. 2010இல் யிங்ஜி பெங் முதலானோர் இவ்விரண்டின் விளைவுகளைப் பிரித்துக் காண முயன்றனர். பெருநிறைத் திரள்களில் சுற்றம் எதுவாயினும் விண்மீன் பிறப்பு ஓய்ந்துவிடுகிறது. சிறியவற்றை ஓயச்செய்வதில் சூழலின் கை ஓங்கியுள்ளது என்பது அவர்தம் முடிபு. எளியவற்றையே சுற்றம் மிகுதியாய் அலைக்கழிக்கிறது போலும்!

நம் பால்வழி இருப்பதோ நெருக்கமில்லாச் சிறுகுழுவில். அதனால் அதன் வளி பறிபோகவில்லை. விண்மீன்கள் இன்றும் பிறக்கின்றன. எனினும் அதன் அருகிருக்கும் சிறுதிரள்களுக்குப் பால்வழியே சூழலாகிறது. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுந்திரள் பால்வழியின் ஈர்ப்பால் சிதைந்து, தன் விண்மீன்களை நீண்ட இழைகளாய் இழந்துகொண்டிருக்கிறது.