நெறி கட்டுவதும் வடிவதும்

கேள்வி: வாவிக்குள் இறங்கி வீச்சுவலை எறிந்தபோது மட்டி ஓடு காலில் வெட்டிவிட்டது. மறுநாள் கவட்டில் நெறி கட்டியது. ஒரு கிழமையில் மருந்தில்லாமலே வடிந்தும் விட்டது. இந்த நெறி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?
- வாசகர், ஆரையம்பதி

பதில்: எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று கேட்டவர் நீங்கள்தான்.

காயத்தின் வழியாகப் புகுந்த கிருமியின் துணுக்குகள் கவட்டிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேரும். அங்கே அந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடிய வெண்குழியங்கள் மிகச் சிலவே இருக்கும். அவை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து சில நாட்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகுகின்றன. கையில் தட்டுப்படும் அந்த உருண்டை, இப்படிப் பெருகிய கலங்களும் சேர்ந்ததுதான்.

கிருமி ஒழிந்ததும் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போகின்றன. மிஞ்சும் சில, அடுத்த முறை அதே கிருமி வந்தால் நினைவு வைத்திருந்து எழும். சாகிற கலங்கள் களைத்துச் சாவதில்லை. ஒவ்வொன்றும் தன்னைத்தானே துண்டுபோட்டுக்கொள்ளும். அக்கம்பக்கத்துக் கலங்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இதற்கு 'அபொப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். சொல்லைத் தேடிக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் பழைய சொல் அது.

மாரியில் வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டப் பிந்தினால், பயிரை வளர்த்த தண்ணீரே பயிரை அழுகவைத்துவிடும். உடம்பில் ஆற்றுவாய் வெட்டும் வேலை சில பரம்பரையலகுகளுடையது. கிருமி போனபின் பெருவெள்ளத்தை வடியவிடுவதில் 'பிம்' முக்கியமானது. 'ஃபாஸ்' வேறொரு காவலைச் செய்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

கிருமி வரும், போகும். நம் சொந்த உடம்பு எங்கும் போகாது. ஆகவே ஒரு வெண்குழியம் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருந்தால், அது சொந்த உடம்பையே பகையென்று பிடித்திருக்க வாய்ப்புண்டு. அப்படி மீண்டும் மீண்டும் தூண்டப்படும் கலத்தின் மேற்பரப்பில் ஃபாஸ் புரதம் சாவுக் கட்டளையை வாங்கிக்கொள்ளும். கலம் உதிர்ந்துவிடும். யாரும் ஒவ்வொரு கலத்தையும் விசாரித்துப் பார்க்கத் தேவையில்லை.

இந்தக் கட்டளை தவறினால் என்ன நடக்கும் என்பதை முதலில் காட்டியவை எலிகள். 1970களில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஒரு வகைச் சுண்டெலிகளுக்கு நெறிகள் வீங்கி, வடியவே இல்லை. உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோயில் வருவதுபோன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்து, பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் இறந்தன. காரணம் ஃபாஸ் பரம்பரையலகின் பழுது என்று 1992இல் ஜப்பானில் ஒசாகாவிலிருந்து நகாட்டா குழுவினர் கண்டுபிடித்தார்கள். மனிதரில் இதே கோலத்தை 1967இலேயே இரண்டு வைத்தியர்கள் எழுதிவைத்திருந்தார்கள்: சின்னஞ்சிறு வயதிலேயே வடியாத நெறிகள், பெருத்த மண்ணீரல், சொந்தச் செங்குழியங்களையும் குருதிச் சிறுதட்டுகளையும் அழிக்கும் பிறபொருளெதிரிகள். அத்தகைய பிள்ளைகளிடமும் ஃபாஸ் பழுதுபட்டிருப்பது 1995இல் தெரியவந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளின் தாய்மார் காரணம் தெரியாத நோயோடு வைத்தியசாலைகளுக்கு அலைந்திருப்பார்கள் என்று நினைக்கவே மனம் கனக்கிறது. இன்று அத்தகைய பிள்ளைகளுக்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்று சிரோலிமஸ். பசிபிக் கடலின் ராப்பா நுயி தீவில் 1964இல் அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது.

இந்த நோய் மிக அரிது. நம் பக்கம் நெறி வடியாமல் நிற்பதற்குக் காசநோய் போன்ற வேறு காரணங்களே கூடுதலாக இருக்கும். கழுத்தில் வரிசையாக வருவதைக் கண்டமாலை என்று பழைய வைத்தியர்கள் சொன்னதும் பெரும்பாலும் அதைத்தான். ஒரு மாதமாகியும் வடியாத நெறியை எண்ணெய் தடவி உருவிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சாகாமல் தப்பிவிடும் கலங்களை அடக்க வேறு வழியே இல்லையா?
- மாணவி, வந்தாறுமூலை

பதில்: உண்டு. மற்றக் கலங்களை அடக்கிவைப்பதற்கென்றே ஒரு வகை வெண்குழியம் இருப்பதை ஜப்பானின் சகாகுச்சி 1995இல் காட்டினார். அவற்றை உருவாக்கும் பரம்பரையலகு 'ஃபொக்ஸ்பி-3'. அது பழுதுபட்ட ஆண் எலிகள் தோல் செதிலாகிச் சில கிழமைகளில் இறப்பதை 1940களிலேயே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் பார்த்திருந்தார்கள். அந்தப் பரம்பரையலகைக் கண்டுபிடித்து 2001இல் வெளியிட்டவர்கள் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும். மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.