ஏகையும் மரகதமும்: சிலப்பதிகாரம் சுட்டும் கற்குற்றமும் அணிகலப் பாதுகாப்பும்

முன்னுரை

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விரித்துரைக்கிறது. அங்கு மணிகள் நிறத்தால் மட்டுமன்றிக் குற்றம் நீங்கிய தன்மையாலும் சிறப்பிக்கப்படுகின்றன. மரகதத்தில் இருத்தலாகாதனவாக ஏகை, மாலை, இருள் ஆகிய மூன்றும் சுட்டப்பெறுகின்றன. இவற்றுள் ஏகை என்பது தோற்றக் குறை மட்டுமா, கல்லின் உறுதியையும் பாதிப்பதா என்பதை இன்றைய மணியியல் செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏகை: சொல்லும் பொருளும்

ஏகை என்பது கீற்றைக் குறிக்கும். இரேகை என்னும் சொல்லோடு தொடர்புடையது. அக்காதையில் வயிரத்திற்குரிய குற்றங்களுள்ளும் இச்சொல் இடம்பெறுகிறது. எனவே, இதனை மரகதத்திற்கே உரிய நிறக் குறையாகக் கொள்ள இயலாது. இருள் ஒளியைக் குறைப்பது; ஏகையோ கல்லினுள் கோடாகத் தென்படுவது.

கடினமும் உறுதியும்

மரகதம் பெரில் வகையைச் சார்ந்த பெரிலியம் அலுமினியம் சிலிக்கேட் ஆகும். குரோமியம், வனேடியம் ஆகியவற்றின் சிறு கலப்பே அதற்குப் பசுமை தருகிறது. மோ அளவுகோலில் அதன் கடினம் 7.5 முதல் 8 வரை அமையும். கடினம் என்பது கீறலைத் தாங்கும் ஆற்றல்; அடியைத் தாங்கும் உறுதி வேறு. மரகதங்கள் பலவற்றுள் நுண்பிளவுகள் மிகுதலால், கடினமான கல்லும் அடிபட்டால் எளிதில் உடைகிறது. மேற்பரப்பை எட்டும் பிளவுகளில் தேவதாரு எண்ணெய் போன்ற நிறமற்ற எண்ணெயோ செயற்கைப் பிசினோ புகுத்தப்படுவதுண்டு. பிளவிலுள்ள காற்றைக் காட்டிலும் எண்ணெயின் ஒளிவிலகல் கல்லினதற்கு நெருக்கமானது. அதனால் கீற்று கண்ணுக்கு மங்குகிறது. பிளவோ நீங்குவதில்லை.

பாதுகாப்பு நெறிகள்

மீயொலிக் கருவி, நீராவி, சாராயம் கலந்த கரைப்பான் ஆகியவை எண்ணெயை வெளியேற்றவும் பிளவை விரிக்கவும் கூடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மென்தூரிகை ஆகியவையே போதும். அணிகலனைப் பற்றவைத்துப் பழுதுபார்க்குமுன் கல்லைக் கழற்றிவிட வேண்டும். சுற்றிலும் பொன் விளிம்பு அணைத்துப் பதிக்கும் முறை, சிறு கொக்கிகளால் பிடிக்கும் முறையினும் காப்பு மிக்கது. மரகதத்தின் பெயராலேயே வழங்கும் படிக்கட்டு வெட்டில் நான்கு மூலைகளும் மழுக்கப்படுவதும் அவை உடையாதிருத்தற் பொருட்டே. வயிரத்தின் கடினம் 10, மாணிக்கம் நீலம் ஆகியவற்றின் கடினம் 9 ஆதலின், அவற்றோடு உராயாதவாறு மரகத அணியைத் தனியே வைத்தல் வேண்டும்.

முடிவுரை

காப்பியம் ஏகையை உடைவோடு தொடர்புபடுத்திக் கூறவில்லை. ஆதலின் இன்றைய மணியியல் அறிவை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது. ஆயினும், பிளவே கீற்றாகத் தோன்றும் இடங்களில், கண்ணால் கீற்றை விலக்கிய தேர்வு உறுதி குன்றிய கல்லையும் உடன் விலக்கியது. ஏகையைப் பொதுவாகக் ‘குற்றம்’ என்று மட்டும் உரைப்பது இவ்வியல்பை மறைத்துவிடும். அன்று கல்லைத் தேர்வதற்கு உதவிய அளவுகோல், கீற்றுடைய கற்களும் எண்ணெயூட்டி அணியப்படும் இன்று, அவற்றைப் பேணுவதற்கும் அளவுகோலாகிறது.