கையெழுத்துக்கு முன் சொல்லின் பொருள்



ஆங்கிலத்தில் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களும், ஒரே பொருள் என்று நாம் எண்ணிவிடும் சொற்களும் பல உள்ளன. பேச்சில் அவை இடம் மாறினால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். கையெழுத்திட்ட தாளில் இடம் மாறினால் பணமும் உரிமையும் போய்விடும். நம் பேரா தோட்ட மக்களின் வாழ்வில் குறுக்கிட்ட சில சொற்களை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. ரிசைன், ரிட்டையர், ரிட்ரெஞ்ச்

இம்மூன்றுக்கும் தோட்டத்தில் நாம் சொல்வது ஒன்றுதான்: "வேலையை விட்டு நின்னுட்டாரு." குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். 'நின்றார்' தன்வினை, 'நிறுத்தினார்' பிறவினை. இதை நினைவில் வைத்தால் மூன்று சொற்களும் தெளிவாகும்.

ரிசைன் என்பது தொழிலாளி தாமாகவே வேலையை விடுவது. ரிட்டையர் என்பது வயது நிறைந்து ஓய்வு பெறுவது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ரிட்ரெஞ்ச் என்பது ஆட்குறைப்பு. தொழிலாளியிடம் குற்றம் இல்லை. வேலை இல்லாமற் போனதால் முதலாளி நிறுத்துகிறார். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் சில வீடமைப்பு நிலங்களாகவும், சில செம்பனைத் தோட்டங்களாகவும் மாறியபோது பலருக்கு நேர்ந்தது இதுவே.

சட்டம் இம்மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு இழப்பீடு உண்டு. ஓராண்டு முதல் 2 ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இருபது ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம் சேரும். தாமாக விலகியவருக்கும், ஓய்வு வயதடைந்து சென்றவருக்கும் இந்த இழப்பீடு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பால்மரத் தொழிலாளி, தோட்டம் கைமாறிய சமயத்தில், ஆபீசில் நீட்டிய தாளில் கையெழுத்திட்டார். "கணக்கு முடிக்கத்தான்" என்றார்களாம். பிறகு அதன் நகலை என்னிடம் கொண்டுவந்தார். இரண்டே வரி, அதில் ரிசைன் என்ற சொல். "ரிட்டையர் மாதிரிதானுங்களே, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. சேமநிதிப் பணம் கிடைத்ததால் அதுவே இழப்பீடு என்று நம்பியிருந்தார். சேமநிதி அவர் சம்பளத்திலிருந்தும் முதலாளியின் பங்கிலிருந்தும் சேர்ந்தது. எப்படி வேலை நின்றாலும் அது அவருடையதே. இழப்பீடு வேறு.

இன்று கடிதங்கள் மலாய்மொழியில் வந்தாலும் பாடம் மாறவில்லை. 'பெர்ஹெந்தி' என்றால் நின்றார். 'டிபெர்ஹெந்திகான்' என்றால் நிறுத்தப்பட்டார். முன்னால் ஒரு 'டி', பின்னால் ஒரு 'கான்'. அந்த இரண்டு அசைகளில் 400 நாள் சம்பளம் அடங்கியிருக்கிறது.

2. விட்னஸ், கேரண்டர்

"சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று உறவினர் கேட்டால் மறுப்பது கடினம். விட்னஸ் என்பவர் சாட்சி. இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று மட்டுமே அவர் சொல்கிறார். கேரண்டர் என்பவர் ஜாமீன். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்கிறார். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, கல்விக் கடன், குடியிருக்கும் வீட்டுக்கான கடன் போன்றவற்றுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடனைக் கேட்டு அவர்மீது வழக்குப் போட முடியும்.

3. சிட்டிசன், ரெசிடென்ட்

ரெசிடென்ட் என்றால் வசிப்பவர். சிட்டிசன் என்றால் குடிமகன். நாற்பது ஆண்டு வசித்தாலும் முன்னது தானாகப் பின்னதாகிவிடாது. சிவப்பு அடையாள அட்டை நிரந்தரவாசிக்கு. நீல அட்டை குடிமகனுக்கு. வாக்குரிமை நீல அட்டைக்கே. 'பெர்மனன்ட்' என்ற சொல்லைக் கேட்டு, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நம் பெரியவர்கள் சிலர் இருந்துவிட்டனர். 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் முறை நடப்புக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்தது.

ஆகவே, எந்தத் தாளிலும் வினைச்சொல்லைத் தேடி, 'யார்?' என்று கேளுங்கள். நின்றது யார், நிறுத்தியது யார், கடனைக் கட்டப்போவது யார்? பதில் தெரியாவிட்டால், "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். படித்த பிள்ளையிடமோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டுங்கள். வற்புறுத்தி ராஜினாமா வாங்கியிருந்தால், தொழில் உறவு இலாகாவில் முறையிட 60 நாள் அவகாசம் உண்டு.

அன்று பெருவிரல் ரேகை வைத்த நம் பெற்றோருக்குக் கேட்க வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது. கேட்போம்.