சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒண்ணு, நேரம் மூணு

இந்த வார எபிசோட்ல, மேப் ஆப்கள் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று பேசினோம். நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு கணக்கு இங்கே. பேப்பரும் பென்சிலும் போதும்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கு 2020 நவம்பரிலிருந்து இடைநில்லா விமானம் ஓடுகிறது. சாங்கி இருப்பது வடக்கு 1.4, கிழக்கு 104 டிகிரியில். ஜேஎஃப்கே வடக்கு 40.6, மேற்கு 73.8. தீர்க்கரேகைகளைக் கூட்டிப் பாருங்க: 177.8. கிட்டத்தட்ட 180! அதாவது, இரண்டு ஊரும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகும்.

சாங்கியிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து ஜேஎஃப்கே 49.4. மொத்தம் 138. டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 15,318 கி.மீ. ஆப் காட்டுவது சுமார் 15,350. பென்சில் கணக்குக்கு இது ரொம்பவே நல்ல விடை! ஆனா எல்லா ஊருக்கும் இது செல்லாது. சென்னை–டொராண்டோவுக்கு இதே மாதிரி போட்டால் சுமார் 300 கி.மீ. கூடுதலாக வரும். அங்கே ஹாவர்சைன் சூத்திரம்தான் சரி.

இப்போ நேரம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 17 மணி. ஏறி இறங்க அரை மணி சேர்த்து, தூரம் காட்டும் தளங்கள் பதினேழரை என்று சொல்லிவிடும். டிக்கெட்டிலோ பதினெட்டரைக்கு மேல் இருக்கும். காரணம், விமானம் தேடுவது குறுகிய வழியை அல்ல, சாதகமான காற்றை. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி, திரும்ப ஏழு என்பது அதனால்தான். இந்தத் தடத்தில் ஒரு வேடிக்கை: ஊர்கள் எதிரெதிரே இருப்பதால், போகும்போது பசிபிக் வழியாகவும், வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே பறக்கலாம். இரண்டு தடவையும் காற்று முதுகில்தான்!

மூன்றாவது நேரம் கடிகாரத்தில். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் செவ்வாய் நள்ளிரவு 12:05க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க்கில் அதே செவ்வாய் காலை 6:45. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் 6 மணி 40 நிமிடப் பயணம் மாதிரி தெரியும். அம்மா தனியாகப் போகிறார்கள், மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றால், சொல்ல வேண்டியது 18 மணி 40 நிமிடக் கணக்கை.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. செவ்வாய் இரவு 10:30க்குக் கிளம்பினால், இறங்குவது வியாழன் விடியற்காலை. டிக்கெட் ஓரத்தில் சின்னதாக '+2' என்று இருக்கும். ஏர்போர்ட்டுக்கு டாக்சி புக் பண்ணும் முன் அதைப் பார்த்துக்குங்க.